குழாய் வாஷரில் சுற்றிய வானொலி

வாலாஜாபேட்டை பஜாரில் எந்த ஹார்டுவேர் கடையில் கேட்டாலும் குழாய் வாஷர் கிடைக்கும். ஒழுகுகிற குழாயை அடைப்பதற்குத்தான் அதை வாங்குவோம். அந்த வளையத்தின் மேல் எனாமல் பூசிய செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி, கூடவே ஒரு டிரான்சிஸ்டரையும் சில கெபாசிட்டர்களையும் சேர்த்துச் சால்டரிங் செய்து, பேட்டரியை இணைத்தால், நொடிக்கு நாற்பது லட்சம் முறை துடிக்கும் மின் அலை அதிலிருந்து பிறக்கும். குரலைக் கண்காணாத ஊருக்கு அனுப்பும் ஒரு கருவிக்கு இதயம் தயார்.

இது கற்பனை இல்லை. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் 2003 வாக்கில் வடிவமைத்த ‘பிட்எக்ஸ்’ என்ற வானொலிக் கருவியில் காயில் சுற்ற உண்மையிலேயே குழாய் வாஷர்தான் பயன்பட்டது. ஃபர்ஹான் ஒரு ‘ஹாம்’. அதாவது அரசிடம் உரிமம் பெற்று, வருமானம் எதுவும் பாராமல், ஆர்வத்துக்காக வானொலியில் பேசுபவர். வெளிநாட்டுப் புத்தகங்களில் வரும் வரைபடங்கள் கேட்கிற காந்த வளையங்களும் சிறப்பு டிரான்சிஸ்டர்களும் நம் ஊர்க் கடைகளில் கிடைப்பதில்லை. ஆகவே கிடைக்கிற சாமானைக் கொண்டே ஒரு கருவியை அவர் யோசித்தார். கம்ப்யூட்டருக்கு நேரம் காட்டச் செய்த படிகம், பவர் சப்ளையில் ஸ்விட்சாக வேலை பார்க்கச் செய்த டிரான்சிஸ்டர், டி.வி. ஆன்டெனாவில் இருக்கும் சின்ன ஃபெரைட் துண்டு, குழாய் வாஷர். வானொலிக்கென்று பிறக்காத பொருள்களெல்லாம் கூடி ஆறு வாட் வானொலியானது. வரைபடத்தை அவர் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவிட்டார். உலகம் முழுவதும் மேசை மேசையாக அது உயிர்பெற்றது.

2016 இறுதியில் இதே வம்சத்தில் ‘பிட்எக்ஸ் 40’ என்ற கிட் வந்தது. முக்கியப் பலகை தயாராகவே வந்தது; அதன் காயில்களைக் கையால் சுற்றிக் கொடுத்தது ஹைதராபாத்தின் ஒரு பெண்கள் குழு. மைக், ஸ்பீக்கர், நாப், டப்பா ஆகியவற்றை நாம் பொருத்தி ஒயரிங் செய்ய வேண்டியிருந்தது. முதல் ரெசிஸ்டர் தொடங்கி எல்லாவற்றையும் தன் கையால் செய்ய விரும்புகிறவர்கள் இன்றும் பழைய வரைபடத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு இந்த வித்தை புதிதல்ல. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி இங்கிலாந்திலிருந்து உதிரிபாகங்களைக் கொண்டுவந்து சென்னையில் தானே ஒரு ஒலிபரப்புக் கருவியைப் பூட்டினார். 1924-இல் அவரும் நண்பர்களும் தொடங்கிய மதராஸ் மாகாண வானொலிக் கழகம் 40 வாட் கருவியில் நிகழ்ச்சிகளை ஒலிபரப்பியது. அகில இந்திய வானொலி என்ற பெயரே பிறக்காத காலம் அது. பணமுடையால் 1927-இல் கழகம் நின்றுபோக, கருவி சென்னை மாநகராட்சிக்குப் போனது. 1930-இல் மாநகராட்சி அதைக் கொண்டு தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. ஒரு நகரத்தின் வானொலி ஒரு தனிமனிதரின் ஒர்க்‌ஷாப் மேசையிலிருந்து புறப்பட்டது!

சாமான் வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒலிபரப்ப இந்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை தரும் உரிமம் தேவை. 12 வயது நிரம்பிய யாரும் தேர்வு எழுதலாம்; மின்னணுவியலின் அடிப்படைகளும் விதிகளும்தான் பாடம். தேறியவருக்கு வி.யு.2 அல்லது வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக் குறி கிடைக்கும். உலகத்திலேயே வேறு யாருக்கும் இல்லாத பெயர் அது.

இனி மேசைக்கு வருவோம். முதலில் கை பழக வேண்டியது சால்டரிங். ஈயமும் வெள்ளீயமும் சரியான விகிதத்தில் கலந்த சால்டர் கம்பி 183 டிகிரியில் உருகும். அயர்ன் முனையைப் பாகத்தின் காலிலும் பலகையின் செம்பிலும் ஒருசேர வைத்து, இரண்டும் சூடேறிய பிறகுதான் கம்பியைத் தொட வேண்டும். உருகிய ஈயம் தானாகப் பரவிப் பளபளவென்று உறைந்தால் இணைப்பு நல்லது. சூடேறாத செம்பின் மேல் ஈயம் உருண்டு உட்கார்ந்தால், டி.வி. மெக்கானிக்குகள் சொல்லும் ‘டிரை சால்டர்’. பார்க்க ஒட்டியிருக்கும், மின்சாரம் மட்டும் போகாது. கருவி வேலை செய்யாமல் போனால் பத்துக்கு எட்டுத் தடவை குற்றவாளி இதுதான்.

அடுத்தது காயில். சுண்டு விரல் நகம் அளவுள்ள வளையத்துக்குள் கம்பியை நுழைத்து நுழைத்து எடுக்க வேண்டும். கம்பி துளைக்குள் ஒரு முறை போனாலே அது ஒரு சுற்று. வெளியே எண்ணினால் கணக்குத் தப்பும், உள்ளே எண்ண வேண்டும். சுற்றி முடித்ததும் கம்பியின் நுனியில் இருக்கும் எனாமலைப் பிளேடால் சுரண்ட வேண்டும். அந்தப் பூச்சு கண்ணுக்குத் தெரியாது. செம்பு நிறத்திலேயே இருக்கும். சுரண்டாமல் சால்டரிங் செய்தால் காயில் வெறும் அலங்காரம். சுற்றுகளைச் சற்று நெருக்கினால் அலை மெதுவாகத் துடிக்கும், சற்று விரித்தால் வேகமாகத் துடிக்கும். விரல் நுனியால் தள்ளி ஒரு வானொலியின் அலைவரிசையையே இடம் மாற்றலாம் என்பதைச் செய்து பார்க்கும்போதுதான் நம்ப முடிகிறது.

இப்போது ஒரு குரல் இந்தக் கருவிக்குள் எப்படிப் பயணம் செய்கிறது என்று பார்ப்போம். மைக்கில் பேசியதும் சில மில்லிவோல்ட் மின் அலை உண்டாகிறது. குரலின் அதிர்வெண், அதாவது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற எண்ணிக்கை, 300-லிருந்து 3,000 வரை இருந்தால் பேச்சு தெளிவாகப் புரியும். இவ்வளவு மெதுவான அலையை அப்படியே வானில் அனுப்ப வழியில்லை. அதற்குக் கிலோமீட்டர் கணக்கில் ஆன்டெனா வேண்டும். ஆகவே வேகமாகத் துடிக்கும் வேறோர் அலையின் மேல் குரலை ஏற்றுகிறார்கள். அதுதான் சுமப்பலை.

மீடியம் வேவ் வானொலி நிலையங்கள் இந்தச் சுமப்பலையையும் சேர்த்தே அனுப்புகின்றன. நம் வீடுகளில் இலங்கை வானொலி கேட்ட காலத்தில் வந்ததும் அப்படித்தான். குரல் ஏறிய அலையை அலசிப் பார்த்தால் நடுவில் சுமப்பலை, இருபுறமும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே செய்தியைத் தாங்கிய இரண்டு பக்கப்பட்டைகள். குரலை எவ்வளவு அழுத்தி ஏற்றினாலும் மொத்தச் சக்தியில் மூன்றில் இரண்டு பங்கு சுமப்பலைக்கே போய்விடும். அதில் ஒரு சொல்கூட இல்லை! பெரிய நிலையத்துக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகும். ஆறேழு வாட் வைத்திருப்பவருக்கு ஆகாது.

பிட்எக்ஸ் அந்தச் சுமப்பலையை ஒழித்துவிடுகிறது. சுமப்பலையை இரண்டு வழியாகப் பிரித்து, ஒன்றை எதிர்த்திசையில் திருப்பி மீண்டும் சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இதற்கு முக்கியமாகத் தேவை ஓரிரு ரூபாய் விலையுள்ள டயோடுகள்தான். நீங்கள் பேசாதபோது அலை பூஜ்ஜியம். பேசினால் சமநிலை குலைந்து, குரலின் அளவுக்குப் பக்கப்பட்டைகள் மட்டும் வெளிவரும். மூச்சு வாங்க நிறுத்தும் அரை நொடியில்கூட ஆன்டெனாவுக்குச் சக்தி போவதில்லை.

மிச்சம் இருக்கும் இரண்டு பக்கப்பட்டைகளில் ஒன்றே போதும். மற்றொன்றை வெட்டி எறியும் வேலையைச் செய்வது கம்ப்யூட்டர் படிகம். குவார்ட்ஸ் கல்லின் மெல்லிய வில்லைக்கு மின்னழுத்தம் கொடுத்தால் வளையும். வளைத்தால் மின்னழுத்தம் தரும். 12 மெகாஹெர்ட்ஸ் படிகத்துக்குள் இருக்கும் வில்லையின் தடிமன் சுமார் 0.14 மில்லிமீட்டர். அது நொடிக்கு 1 கோடியே 20 லட்சம் தடவை நடுங்கும். அந்த எண்ணை விட்டுச் சற்று விலகினாலும் இசையாது. இப்படி நான்கைந்து படிகங்களை வரிசையாகக் கோத்தால் அது ஒரு வடிகட்டி. 12 மெகாஹெர்ட்ஸை ஒட்டி ஏறக்குறைய 2,400 அதிர்வு அகலமுள்ள ஒரு ஜன்னலை மட்டும் திறந்துவைக்கும். வாலாஜாவிலிருந்து சென்னை வரை போகும் சாலையின் முழு நீளத்தை 12 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால், அந்த ஜன்னலின் அகலம் இருபத்துச் சொச்சம் மீட்டர். அதற்கு இப்பாலும் அப்பாலும் வருவதெல்லாம் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

படிகங்களைத் தேர்ந்தெடுப்பதே ஒரு தனிக் கலை. ஒரே பையில் வந்தவைதான், எல்லாவற்றின் மேலும் 12.000 என்றுதான் அச்சடித்திருக்கும். ஆனால் அதிர்வெண் அளவியில் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தால் ஒன்று 11,998,240 என்று காட்டும், அடுத்தது 11,998,310. ஒன்றுக்கொன்று நூறு அதிர்வுக்குள் ஒத்துப்போகிறவற்றை ஒரு குடும்பமாகப் பொறுக்க வேண்டும். லட்சத்தில் ஒரு பங்கு வேறுபாட்டை வீட்டு மேசையில் உட்கார்ந்து சலித்தெடுக்கிறோம்.

குரல் இப்போது 12 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. இந்தக் கருவி பேசும் ஹாம் பட்டையோ 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை. அங்கே கொண்டுபோக ‘மிக்ஸர்’ என்ற பகுதி இருக்கிறது. இரண்டு அலைகளை ஒன்றோடொன்று பெருக்கினால் அவற்றின் கூட்டலும் கழித்தலும் புதிய அலைகளாகப் பிறக்கும் என்பது கணிதம். 12-உடன் 4.9 சேர்ந்தால் 16.9, கழிந்தால் 7.1. பின்னால் நிற்கும் வடிகட்டி 16.9-ஐத் தடுத்து 7.1-ஐ அனுப்புகிறது. அந்த 4.9-ஐத் தருவதுதான் நாப் சுழலும்போது மாறும் அலையாக்கி. முதல் வடிவமைப்பில் வாஷர் உட்கார்ந்திருந்த இடம் அது. ஒரு குரலுக்கு மூன்று கிலோஹெர்ட்ஸ் போதும் என்பதால், அந்த 200 கிலோஹெர்ட்ஸ் பட்டைக்குள் அறுபதுக்கும் மேற்பட்ட உரையாடல்கள் அக்கம்பக்கமாக நடக்கலாம்.

என்னைப் பொறுத்தவரை இந்த வரைபடத்தின் உச்சம் வேறோர் இடத்தில் இருக்கிறது. பேசும்போது குரல் மைக்கிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகிறது. கேட்கும்போது அதே வழியில் திரும்பி வருகிறது. பெருக்கிகள் பொதுவாக ஒருவழிப் பாதைகள், ஆகவே வழக்கமான கருவிகளில் போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை என்று பாகங்கள் இரட்டிக்கும். ஃபர்ஹான் இரண்டு டிரான்சிஸ்டர்களை எதிரெதிர் திசையில் முதுகோடு முதுகாக நிறுத்தினார். ஒன்றுக்கு மின்சாரம் கொடுத்தால் அலை இப்படிப் போகும், மற்றதற்குக் கொடுத்தால் அப்படி வரும். மைக்கின் பொத்தானை அழுத்தினால் முழுக் கருவியும் திசை திரும்பிவிடும். ஒரே படிக வடிகட்டி, ஒரே அலையாக்கி, இரண்டு வேலை. இருதிசை என்ற பொருளிலேயே பிட்எக்ஸ் என்ற பெயரும் வந்தது. கட்டுகிறவருக்கு இதில் இன்னொரு லாபம்: கேட்கும் பாதி வேலை செய்துவிட்டால் பேசும் பாதியும் பெரும்பாலும் முடிந்த மாதிரிதான்.

கடைசிக் கட்டத்தில் நிற்பது ஐ.ஆர்.எஃப்.510 என்ற டிரான்சிஸ்டர். மோட்டாரையும் பவர் சப்ளையையும் ‘ஆன்-ஆஃப்’ செய்யப் பிறந்தது. நொடிக்கு எழுபது லட்சம் முறை துடிக்கும் அலையை உருக்குலையாமல் பெருக்கச் சொல்லி ஹாம்கள் அதை வேறு வேலைக்கு இழுத்தார்கள். நன்கு வெப்பம் கடத்தும் அலுமினியத் தகட்டில் இறுக்கி வைத்தால் ஏழு வாட் தரும். நம் வீட்டு எல்.இ.டி. பல்பும் அவ்வளவுதான் எடுக்கிறது. பெருக்கும்போது 14, 21 மெகாஹெர்ட்ஸ்களில் தேவையில்லாத மடங்கு அலைகளும் பிறக்கும். வாசலில் இன்னொரு வடிகட்டி அவற்றை மறித்து நிறுத்தும். ஊரார் அலைவரிசையில் நம் குரல் போய் விழக்கூடாது.

கட்டி முடித்த கருவியை நேராக ஆன்டெனாவில் இணைத்துவிடக் கூடாது. 100 ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டை இணையாகச் சேர்த்தால் 50 ஓம். இந்த ‘டம்மி லோடு’ சக்தியை வானுக்கு விடாமல் சூடாக்கி விழுங்கிக்கொள்ளும். பேசிப் பார்த்து, ரெசிஸ்டரில் கை வைத்துச் சூடு தெரிந்தால் கருவி உயிரோடு இருக்கிறது.

இனி மொட்டை மாடிக்குப் போகலாம். ஒளியின் வேகத்தை 71 லட்சத்தால் வகுத்தால் அலையின் நீளம் 42 மீட்டர். ஆன்டெனா அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 20 மீட்டர் இருக்க வேண்டும். சாதாரணச் செம்பு ஒயர் போதும்; நடுவில் வெட்டிப் பக்கத்துக்குப் பத்து மீட்டராகத் தென்னை மரத்துக்கும் தண்ணீர் டேங்குக்கும் கட்டலாம். நடுவிலிருந்து கருவிக்கு இறங்கும் கேபிளாக, கேபிள் டி.வி.க்காரர் இழுக்கிற அதே 75 ஓம் ஒயரே பொருந்தும். மொத்த நீளத்தில் பத்து சென்டிமீட்டர் வெட்டினால் ஆன்டெனா இசையும் இடம் சுமார் 35 கிலோஹெர்ட்ஸ் மேலே போகும். கட்டிங் பிளேயரும் பொறுமையும் வேண்டும்.

அந்த ஒயருக்குள் நடப்பதை நினைத்தால் வியப்பு அடங்காது. ஏழு வாட்டுக்கு அதில் ஓடும் மின்னோட்டம் ஓர் ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்கு. எலெக்ட்ரான்கள் ஒயரின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடுவதில்லை. நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் அசைகின்றன; அந்த அசைவு ஓர் அணுவின் அகலத்தைக்கூடத் தொடுவதில்லை. ஆனால் கோடானுகோடி எலெக்ட்ரான்கள் ஒரே தாளத்தில் அசைவதால் அந்த நடுக்கம் ஒளியின் வேகத்தில் வெளியே பரவுகிறது.

பரவி எங்கே போகிறது? சென்னைக்கு நேராக அல்ல. பூமியின் வளைவும் குறுக்கே நிற்கும் கட்டடங்களும் அந்த வழியை அடைத்துவிடும். தாழ்வாகக் கட்டிய ஒயரிலிருந்து அலை பெரும்பாலும் நேர் மேலே ஏறுகிறது. ஏறத்தாழ 300 கிலோமீட்டர் உயரத்தில் சூரியனின் புறஊதாக் கதிர்கள் காற்றின் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்துப்போட்டு வைத்திருக்கும் அயனி மண்டலம் இருக்கிறது. நடுப்பகலில் அங்கே ஒரு கன சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் எலெக்ட்ரான்கள் இருக்கலாம். ஆய்வகத்தில் அதை வெற்றிடம் என்றே சொல்லிவிடுவார்கள். அந்த வெற்றிடம் 7 மெகாஹெர்ட்ஸ் அலையை மடக்கிக் கீழே திருப்பிவிடப் போதுமானது. மேலே போய் இறங்கும் வழி 600 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்; பிடிக்கும் நேரம் ஒரு நொடியின் ஐந்நூறில் ஒரு பங்கு. தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறந்தபோது, அதே ஊர்களுக்கு இடையே போக மணிக்கணக்காயிற்று.

இந்த வானத்துக் கூரையை உலகுக்குக் காட்டியதில் ஹாம்களுக்குப் பங்கு உண்டு. 200 மீட்டருக்குக் குறைந்த அலைகள் எதற்கும் உதவாது என்று கருதிய அமெரிக்க அரசு 1912-இல் அவற்றைத்தான் ஆர்வலர்களுக்கு ஒதுக்கியது. ஏறக்குறைய அந்த அலைநீளத்திலேயே அவர்கள் 1921-இல் அட்லாண்டிக்கைத் தாண்டிக் கேட்கச் செய்தார்கள். 1923-இல் அந்த உதவாத அலைகளிலேயே இருபுறமும் தொடர்பு கொண்டார்கள். 1924 டிசம்பரில் எட்வர்டு ஆப்பிள்டன் இங்கிலாந்தில் அயனி மண்டலத்தின் ஓர் அடுக்கின் உயரத்தை அளந்தார். 1947-இல் நோபல் பரிசு பெற்றார். கிருஷ்ணசாமி செட்டியின் கருவி சென்னையில் பேசத் தொடங்கியதும் அதே 1924-தான்.

வாலாஜாவுக்கு மேலே இருக்கும் கூரைக்குத் தனிச் சிறப்பு உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. 1963-இல் இந்தியாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட்டை ஏவக் கேரளத்தின் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே அதுதான். பகலில் அந்தக் கோட்டின் மேல் எலெக்ட்ரான்கள் நீரூற்றாக மேலெழும்பி, காந்தக் கோடுகள் வழியே வடக்கிலும் தெற்கிலும் சரிந்து இறங்குகின்றன. நம் வட மாவட்டங்கள் அந்த ஊற்றின் வடக்குச் சரிவுக்கு அடியில் இருக்கின்றன. சூரியன் மறைந்த பிறகு இந்த அடுக்கில் குமிழிகள் கிளம்பும் நாள்களில் எதிர்முனைக் குரல் அலையலையாக நடுங்கும். கருவியில் கோளாறு என்று திறந்து பார்க்க வேண்டாம். அது முந்நூறு கிலோமீட்டர் உயரத்து வானிலை.

கேட்பதில்தான் இந்தப் பகுதிக்குச் சிரமம். ராணிப்பேட்டை சிப்காட்டின் மோட்டார்கள், விசாரம் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளின் எந்திரங்கள், வீடுதோறும் மலிவான சார்ஜர், எல்.இ.டி. பல்பு எல்லாமே பட்டையில் இரைச்சலைக் கொட்டும். பல்பு ஒன்றை அணைத்துப் பார்த்தே நிலையங்கள் தெளிவதைக் கேட்கலாம். தெருவில் கரண்ட் போனால் ஹாமுக்குக் கொண்டாட்டம். யூ.பி.எஸ். பேட்டரி ஒன்றில் கருவி ஓடிக்கொண்டிருக்கும். இரைச்சல் அடங்கி, அதுவரை புதைந்து கிடந்த குரல்கள் மேலெழும்.

அழைப்பு எளிமையானது. ‘சி.க்யூ., சி.க்யூ.’ என்று சொல்லி அழைப்புக் குறியைச் சொன்னால், பதில் தருகிறவர் முதலில் சொல்வது குரல் எப்படி வருகிறது என்ற கணக்கை. ‘ஐந்து ஒன்பது’ என்றால் தெளிவும் வலிமையும் முழு மதிப்பெண். அந்த ஒன்பதுக்கு அவர் கருவியின் வாசலில் வந்து சேரும் சக்தி ஒரு வாட்டின் இரண்டாயிரம் கோடியில் ஒரு பங்கு. நாம் அனுப்பியதில் 14,000 கோடியில் ஒரு பங்குதான் அவருக்குக் கிடைத்தது, அதுவே வலிமையான குரல்! பேசுவதற்கு வரம்பு உண்டு. கருவி, ஆன்டெனா, வானிலை, நலம் விசாரிப்பு எல்லாம் சரி. தோல் மண்டி விலை பேசி வியாபாரம் முடிப்பது விதிப்படி தவறு. விடைபெறும்போது ‘73’ என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டுத் தந்தி ஊழியர்கள் வாழ்த்துச் சொல்லப் பயன்படுத்திய எண் அது. நம் நாட்டில் தந்தி 2013 ஜூலையில் நின்றுவிட்டது, எண் நிற்கவில்லை.

வியாபாரத்துக்கு ஆகாத இந்தப் பேச்சு எதற்கு ஆகும் என்பதை 2004 டிசம்பர் காட்டியது. பாரதி பிரசாத் என்ற ஹாம் வானொலி முகாமுக்காக அப்போது போர்ட் பிளேரில் இருந்தார். சுனாமி அடித்துத் தொலைபேசிகள் அற்றுப்போனபோது, அந்தமானுக்கும் சென்னைக்கும் இடையில் விரிந்த சுமார் 1,350 கிலோமீட்டர் கடலைத் தாண்டிச் செய்தி கொண்டுவந்த வழிகளில் அவருடைய நிலையமும் ஒன்று. கோபுரமோ செயற்கைக்கோளோ தேவைப்படவில்லை. கூரை மேலே அப்படியேதான் இருந்தது.

அந்தக் கூரை நேரத்துக்கு நேரம் மாறும் என்பதைப் புதிதாகக் கருவி கட்டியவர் முதல் வாரத்திலேயே கண்டுகொள்வார். பகலில் தெளிவாகப் பேசிய சென்னை நண்பர் நள்ளிரவு தாண்டியதும் காணாமல் போவார். சூரியன் இல்லாமல் எலெக்ட்ரான்கள் குறைந்துவிட, நேர் மேலே போகும் 7 மெகாஹெர்ட்ஸ் அலை கூரையைத் துளைத்து விண்வெளிக்குப் போய்விடும். சாய்வாகப் போகும் அலை மட்டும் திரும்பி, வெகு தொலைவில் இறங்கும். பகலில் அலையை உறிஞ்சிக்கொண்டிருந்த கீழடுக்கும் இரவில் கலைந்துவிடும். ஆகவே பக்கத்து ஊர் மறைந்து தில்லியும் வெளிநாடும் வந்து நிற்கும். நள்ளிரவிலும் சென்னை வேண்டும் என்கிறவர் 3.5 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கு இறங்க வேண்டும். கருவியில் அலையாக்கியையும் வடிகட்டிகளின் காயில்களையும் அதற்கேற்ப மாற்றினால் தீர்ந்தது. ஆன்டெனா மட்டும் 40 மீட்டராகிவிடும். அடுத்த வீட்டு மொட்டை மாடியையும் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.